உடல் மெலியும் மாத்திரையும் நமது கடை அலமாரியும்



நான் வைத்தியம் படித்தவன் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதையோரத்தில், இருபது வருஷத்துக்கு மேலாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் சரக்கு இன்னதென்று அறிந்து விற்க வேண்டிய கடமை படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒன்றுதான். உடம்பு மெலிவதற்கென்று நம் கடைகளில் விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நடந்த சங்கதி

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏஜண்டு என் கடையில் ஒரு பெட்டி கேப்ஸ்யூல் இறக்கினார். "அத்தனையும் மூலிகை, பாய். பக்க விளைவே கிடையாது" என்றார். லாபம் நல்ல லாபம். டப்பாவின் மேல் ஹலால் என்று அச்சடித்திருந்தது. நான் வேறொன்றும் விசாரிக்கவில்லை. சரக்கு வேகமாக ஓடியது. வாங்கியவர்களே மறுபடி வந்து வாங்கினார்கள். "பசியே எடுக்கவில்லை பாய், இரண்டு வாரத்தில் மூன்று கிலோ இறங்கிவிட்டது" என்றார்கள். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

ஒருநாள் காலை, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணவர் டப்பாவும் கையுமாக வந்தார். "பாய், ராத்திரியெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உள்ளவள். இதிலே என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார். விற்றவன் நான், உள்ளே என்ன என்று எனக்குத் தெரியவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்படியும், டப்பாவையும் டாக்டரிடம் காட்டும்படியும் சொன்னேன். டாக்டர் கேப்ஸ்யூலை அன்றோடு நிறுத்தச் சொன்னார். சில நாளில் அந்தப் பெண் தேறிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். பிறகு டப்பாவில் அச்சிட்டிருந்த பதிவு எண்ணை என் மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். அந்த எண் வேறொரு கம்பெனியின் இருமல் மருந்துக்குரியது! மீதிச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கினேன். அந்தக் கணவரின் கேள்விக்கு அன்று சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் இப்போது சொல்லுகிறேன்.

கடையில் கிடைப்பவை எவ்வகைப்பட்டவை?

முதலாவது, பேதி மருந்து வகை. 'மெலியும் தேநீர்' என்று விற்கப்படும் பல பொட்டலங்களில் இருப்பது நிலவாகை இலை. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து நம்மவர்களுக்கு இது புதிதல்ல. திருநெல்வேலிச் சீமை நிலவாகை உலகச் சந்தையில் அந்த ஊர்ப் பெயராலேயே விலை போகிறது. மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் நாம் உண்ணும் கொழுப்பும் சீனியும் சிறுகுடலிலேயே பெரும்பாலும் உடம்பில் சேர்ந்துவிடுகின்றன. நிலவாகை வேலை செய்வதோ அதற்கடுத்த பெருங்குடலில். ஆகவே வெளியேறுவது தண்ணீரும் உப்புச் சத்துமே தவிரக் கொழுப்பு அல்ல. தராசு முள் இறங்கும். தண்ணீர் குடித்தால் திரும்ப ஏறும். மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் என்ற உப்புக் குறைந்து, தசை தளர்ந்து, இருதயத் துடிப்பும் தாளம் தவறக்கூடும்.

இரண்டாவது, தேயிலைச் சத்து மாத்திரை. 1929-இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் போ தோட்டத்தைத் தொடங்கிய காலமுதல் இம்மலை தேயிலையால் வாழ்கிறது. பச்சைத் தேயிலை உடம்பை இளைக்க வைக்கும் என்றால் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் 2012-இல் காக்ரேன் என்ற வைத்திய ஆய்வுக் குழுவினர், அதுவரை நடந்த பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, இதனால் குறையும் எடை மிகச் சொற்பம், உடல்நலத்துக்குக் கணக்கில் எடுக்கத்தக்கதல்ல என்று கண்டார்கள். மேலும், கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் தேநீர் வேறு, அதன் சாரத்தை இறுக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு. அந்தச் சாரத்திலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற சத்து நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாகச் சேரும்போது சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும் அடையாளங்கள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

மூன்றாவது, உண்மையான மருந்து. ஆர்லிஸ்டாட் என்று ஒன்று உண்டு. உண்ட கொழுப்பில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் அது மலத்தோடு அனுப்பிவிடுகிறது. 60 மில்லிகிராம் மாத்திரை அமெரிக்காவில் 2007 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கப்படுகிறது. அதைவிட இரட்டிப்பு அளவுள்ள 120 மில்லிகிராம் மாத்திரையை ஆகாரக் கட்டுப்பாட்டோடு ஒரு வருஷம் உட்கொண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை உட்கொண்டவர்களைவிட ஏறக்குறைய 3 கிலோ கூடுதலாகக் குறைந்தது. ஒரு வருஷத்துக்கு 3 கிலோ! எண்ணெய்ப் பசையோடு மலம் அடக்க முடியாமல் போவதும், சில வைட்டமின்கள் உடம்பில் சேராமற் போவதும் இதனால் வரும் தொல்லைகள். இதுவும் மருந்தாளரைக் கேட்டு உட்கொள்ள வேண்டியதே.

நான்காவது வகைதான் ஆபத்தானது. வெளியே மூலிகை என்று எழுதி, உள்ளே மருந்தை மறைத்து வைத்திருப்பது. இவற்றில் அடிக்கடி அகப்படுவது சிபுட்ரமின். இது மூளையில் வேலை செய்து பசியை அடக்கும். கூடவே இருதயத் துடிப்பையும் இரத்தக் கொதிப்பையும் ஏற்றும். ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக் கொடுத்த மருந்துதான் இது. இருதய நோயோ இனிப்பு நீர் வியாதியோ உள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் முதலிய கேடு நேர்ந்தது; சிபுட்ரமின் உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நேர்ந்தது. 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. நமது நாட்டிலும் அதன் பதிவு ரத்தாயிற்று. சட்டப்படி விற்க முடியாமற்போன அந்த மருந்து இன்று கேப்ஸ்யூலிலும் காப்பித்தூளிலும் ஒளிந்து வருகிறது. 'மெலியும் காப்பி' பலவற்றில் இது இருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நேர்மையான கடைச் சரக்கு எதுவும் இரண்டு வாரத்தில் பசியை அறவே போக்கி எடையை இறக்காது. அப்படி இறக்கினால் உள்ளே சொல்லாத மருந்து இருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். வாடிக்கையாளர் புகழ்ந்து திரும்ப வந்ததை நான் நற்சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அது எச்சரிக்கையாக இருந்திருக்கிறது.

சிங்கப்பூரில் நேர்ந்தது

2002-இல் சிங்கப்பூரில் 'ஸ்லிம் 10' என்ற மாத்திரை மூலிகை என்று விற்கப்பட்டது. அதை உட்கொண்ட ஒரு பெண் கல்லீரல் கெட்டு மரணமடைந்தார். ஒரு தொலைக்காட்சி நடிகைக்கு, அவரை மணக்க இருந்தவர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்ததால் உயிர் மிஞ்சியது. மாத்திரையைச் சோதித்தபோது நைட்ரோசோ ஃபென்ஃப்ளூரமின் என்ற இரசாயனம் அகப்பட்டது. ஃபென்ஃப்ளூரமின் என்பது இருதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று 1997-இலேயே சந்தையை விட்டு எடுக்கப்பட்ட மருந்து. அதையே சிறிது மாற்றி மூலிகைக்குள் மறைத்திருந்தார்கள். நமக்குப் பக்கத்து ஊரில், கண்டிப்புக்குப் பெயர்போன இடத்திலேயே இது நடந்ததென்றால், மலைமேல் ஏஜண்டு வாய்ச்சொல்லை நம்பி வாங்கும் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

சட்டம் என்ன சொல்லுகிறது?

மலேசியாவில் மருந்தாகவோ, பாரம்பரிய மருந்தாகவோ, சத்து மாத்திரையாகவோ விற்கப்படுவது தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவாகியிருக்க வேண்டும். டப்பாவில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும், பிறகு எட்டு இலக்கமும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். கடைசி எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'என்' என்றால் சத்துப் பொருள். 'எக்ஸ்' என்றால் டாக்டர் சீட்டு வேண்டாதது. 'ஏ' என்றால் விஷப் பட்டியலில் உள்ளது, மளிகைக் கடையில் வைக்கவே கூடாதது. அச்சிட்ட எண்ணைக் கண்டு திருப்திப்படாமல், முகமையின் இணையப் பக்கத்தில் அந்த எண் அந்தச் சரக்குக்குத்தான் உரியதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

பதிவில்லாத சரக்கை விற்றாலும், விற்க வைத்திருந்தாலும், 1952-ஆம் வருஷத்து மருந்து விற்பனைச் சட்டப்படி முதற்குற்றத்துக்குத் தனி ஆளுக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ, 3 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கம்பெனிக்கு 50,000 வெள்ளி வரை. ஏஜண்டு பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். சரக்கு இருப்பது நம் அலமாரியில்.

இன்னொன்று. கேப்ஸ்யூலின் உறை ஹலாலா என்று நாம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். உள்ளிருப்பது என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஈரத் தானியத்தை உலர்ந்த தானியத்தால் மூடி விற்ற வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்த வரலாறு மதரஸாவில் படித்த சிறுபிள்ளைக்கும் தெரியும். மூலிகைக்குள் மருந்தை மூடி விற்பது அதனினும் பெரிது. அங்கே நஷ்டம் பணம், இங்கே உயிர்.

வாங்க வருபவருக்கு என்ன சொல்லுவது?

பருமன் அற்ப விஷயம் அல்ல. 2023-ஆம் வருஷத்துத் தேசிய சுகாதார ஆய்வின்படி நமது நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 54.4 பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். கல்லாவில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் நம்மவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே மாத்திரை கேட்டு வருபவரைப் பரிகசிக்காமல், நல்ல வழி சொல்லி அனுப்ப வேண்டும்.

2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இனிப்பு நீர் வரும் தறுவாயில் இருந்த 3,234 பேரைச் சேர்த்து, ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்தார்கள். மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்ட பிரிவில் வியாதி வருவது நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. ஆகாரத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கச் சொல்லி, எடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைக்க முயன்ற பிரிவில் 58 பங்கு குறைந்தது. டாக்டர் கொடுத்த நல்ல மாத்திரையையே நடை வென்றுவிட்டது! அதிகப் பருமன் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் இப்போது போடும் செமாகுளுடைட் போன்ற ஊசிகள் நன்றாகவே எடையைக் குறைக்கின்றன. அது டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். கடையிலோ கைப்பேசியிலோ வாங்கும் சரக்கல்ல.

டின் பாலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சீனிதான். நாளைக்கு நான்கு தே தாரேக் குடித்து வந்த நான் ஒன்றாகக் குறைத்து, மற்ற வேளைக்கு நம் மலைத் தேயிலையைப் பாலும் சீனியும் இன்றிக் குடிக்கிறேன். கடை திறக்குமுன் அரைமணி நேரம் தோட்டப் பாதையில் நடக்கிறேன். ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. அதிசயம் ஒன்றுமில்லை, ஆனால் நெஞ்சு படபடக்கவில்லை.

இப்போது என் கடையில் மெலியும் மாத்திரை, மெலியும் காப்பி எதுவும் இல்லை. மாதத்துக்குச் சில நூறு வெள்ளி வரவு குறைந்தது உண்மை. அந்தப் பெண் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார். சகோதரர்கள் இன்றே தங்கள் அலமாரியைப் பார்த்து, எண்ணில்லாததையும், எண் பொருந்தாததையும் இறக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.