பானையில் ஒரு ஒலிப்பாடம்

எட்டாம் வகுப்பு ஒலியியல் பாடத்தைப் பல ஆண்டுகள் இசைக்கவையை மட்டும் வைத்தே நடத்திவந்தேன். அதிர்வெண் கூடினால் சுருதி கூடும் என்று பிள்ளைகள் தேர்வில் எழுதிவிடுவார்கள். 'இங்கே எது அதிர்கிறது?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். சென்ற ஆண்டு விக்கு விநாயக்ராமின் கட வாசிப்பை ஒலிக்கவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்கும் பின்னால்தான் அதற்கு இடம். 1942இல் பிறந்த விநாயக்ராம், தந்தை ஹரிஹர சர்மாவிடம் கற்று, தூத்துக்குடியில் முதல் கச்சேரி வாசித்தார். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் அவருடையது. பிறகு ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் சேர்ந்தார். அக்குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி எடுக்கும் கும்கிதான் அடியில் கனமாக ஒலிக்கும். 1975இல் பதிவான அவர்களின் முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்தவர் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ராம்நாட் ராகவன். இதைச் சொன்னதும் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது. விநாயக்ராமுக்கு 2014இல் பத்மபூஷண் கிடைத்தது.

அடுத்து, வாய் குறுகிய ஒரு மண்பானையை மேசைமேல் வைத்தேன். அதன் பக்கத்தைத் தட்டினோம். பிறகு வாய்மேல் ஊதினோம். இரண்டும் வேறு வேறு ஒலி. பாதி அளவு தண்ணீர் ஊற்றி மறுபடி செய்தோம். ஊதியபோது சுருதி ஏறியது, தட்டியபோது இறங்கியது. பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். எனக்கு வேண்டியதும் அந்தக் குழப்பம்தான். ஊதும்போது அதிர்வது உள்ளிருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றின் இடம் குறைகிறது. தட்டும்போது அதிர்வது பானையின் சுவர். தண்ணீரின் பாரமும் சேர்வதால் அது மெதுவாக அதிர்கிறது. விடையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுவதும் ஆனது. அவசரப்பட்டு நாமே சொல்லிவிடக் கூடாது. (பானை இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் பானை மேசையிலிருந்து உருண்டு உடைந்தது.)

இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு இரயிலில் போனால் வழியில் மானாமதுரை. 1985 வரை அதுவும் நம் மாவட்டம்தான். கடத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். இதையும் வகுப்பில் சொன்னேன்.

மறுநாள் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். குடும்ப விவரப் படிவத்தில் அப்பாவின் தொழில் 'கூலி' என்று எழுதியிருந்தவன். "சார், எங்க அப்பா பானை செய்றவர்தான். சக்கரத்துல எடுத்ததும் வேலை முடியாது. உள்ள கல்லைக் குடுத்து, வெளிய பலகையால தட்டிக்கிட்டே இருக்கணும். காயும்போதும் சுடும்போதும் சுருங்கிடும். அப்ப, சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே கடத்தோட சுருதி எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. உன் அப்பாவை வகுப்புக்கு அழைத்து வா, அவரிடமே கேட்போம் என்றேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவர் வந்தார். ஒரு பச்சைப் பானையும் சுட்ட பானையும் கொண்டுவந்திருந்தார்.