விண்ணேறுமுன் மண்ணில் ஒரு தேர்வு

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி செய்வித்த நிகழ்ச்சியை நம் மாணவர் அறிவர். இடர் வாயிலுக்கு வந்தபின் அவன் அதனைத் தேடவில்லை. முன்னரே செய்வித்து, இயக்கும் முறையை விசயைக்குப் பயிற்றுவித்தான். ஆதலின் அவள் உயிர் தப்பினாள். விண்வெளிப் பயணத்தின் பாதுகாப்பை ஆராய்வார்க்கும் இக்காப்பியச் செய்தி துணைபுரியும்.

'தொடக்கக் கால விமானத்திலும் பலர் மாண்டனர். விண்வெளிப் பயணமும் அவ்வாறே நாளடைவில் பாதுகாப்பு எய்தும்' என்பார் உளர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் எனக் காண்போம்.

ரைட் உடன்பிறந்தார் 1903 டிசம்பர் 17இல் விமானத்தில் பறந்தனர். 1908 செப்டம்பர் 17இல் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் வீழ்ந்து, உடன் சென்ற தாமஸ் செல்ஃபிரிட்ஜ் உயிரிழந்தார். இயந்திர விமானம் கொண்ட முதற்பலி அதுவே. பின்னரும் பலர் மாண்டனர். எனினும் அன்றைய விமானம் சிறியது. பல நாட்டினரும் அதனைக் கட்டினர், அடிக்கடி பறந்தனர், கண்ட குறையை விரைந்து திருத்தினர். எண்ணற்ற பறப்புகளே விமானத்திற்கு ஆசிரியராயின.

விண்கலத்திற்கு அவ்வாசிரியர் வாய்க்கவில்லை. யூரி ககாரின் 1961இல் விண்ணேறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மனிதர் சென்ற பயணங்கள் சில நூறே. அமெரிக்க விண்வெளி ஓடங்கள் 1981 முதல் 2011 வரை 135 முறை சென்றன. 1986இல் சேலஞ்சரும் 2003இல் கொலம்பியாவும் அழிந்தன. 14 பேர் மாண்டனர். ஏறத்தாழ 67 பயணத்திற்கு ஒன்று எனப் பேருந்து கவிழுமாயின், கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு எவர் ஏறுவர்? 24 ஓடப் பயணங்கள் இனிது முடிந்தபின், 25ஆவதாகச் சென்றதே சேலஞ்சரின் இறுதிப் பயணம். குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும் எனப் பொறியாளர் முதல்நாளே எச்சரித்தனர். அச்சொல் அம்பலம் ஏறவில்லை. சில வெற்றிகள் பாதுகாப்புக்குச் சான்றாகா என்பது இதனால் தெளிவாகும்.

ஆகவே, பறந்து கற்க இயலாததை நிலத்திலேயே கற்றாக வேண்டும். அதற்குரிய பள்ளி தொலைவில் இல்லை. நம் கரிசல் நிலத்திற்குத் தெற்கே, மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் உள்ளது. ககன்யான் திட்டத்திற்கான சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின், 2024 பிப்ரவரியில் அங்கு மனிதப் பயணத் தகுதிச் சோதனைகளை நிறைவு செய்தது. தகுதிக்கு வேண்டியது 6,350 வினாடிச் சோதனை. நான்கு எஞ்சின்களோ 39 சோதனைகளில் 8,810 வினாடி எரிந்து காட்டின.

2023 அக்டோபர் 21இல், வீரர் தப்பும் அமைப்பு ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளின்றிச் சோதிக்கப்பட்டது. ஏவுதற்கு 5 வினாடி இருக்கையில் கணினி பிழை கண்டு தானே நிறுத்தியது. காரணம் அறிந்து திருத்திய பின்னரே 10 மணிக்கு ஏவினர். கலம் ராக்கெட்டினின்று பிரிந்து வான்குடைகளால் கடலில் இறங்கியது. இக்காலத்து மயிற்பொறி இதுவெனலாம்.

தீப்பெட்டித் தொழில் வளர்ந்த நம் ஊரார்க்கு இந்நெறி புதிதன்று. குச்சியின் தலையில் ஒரு மருந்தும், பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசும் எனப் பிரித்து வைத்ததாலன்றோ 'பாதுகாப்புத் தீக்குச்சி' எனும் பெயர் வந்தது? தீ அதே தீதான். முன்னெண்ணிச் செய்த அமைப்பே காவலாயிற்று.

நம் மாணவருள் சிலர் நாளை மகேந்திரகிரியில் பணியேற்கக்கூடும். ஐயம் எழுந்தவிடத்து 'நிறுத்துக' என்று சொல்லும் துணிவை அவர்கள் பெறவேண்டும். இளையோர் கூறும் அச்சொல்லைச் செவிமடுக்கும் பண்பு மூத்தோர்க்கு வேண்டும். இவ்விரண்டும் பொருந்திய இடத்திலேயே விண்ணேறியவர் வீடு திரும்புவர்.