குழந்தை ஓவியங்களைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் ஓவியர்களின் குழந்தைப் படங்களைப் பார்த்ததும் 'என்ன அழகு!' என்று உருகிவிடுகிறீர்கள். உருகுங்கள், தப்பில்லை. எழுத உட்காரும்போது மட்டும் கீழே உள்ளவற்றை நினைவில் வையுங்கள்.

1. படம் யாருக்காக வரையப்பட்டது என்று முதலில் கேளுங்கள். எந்தப் பிள்ளையும் தானாகப் போய் 'என்னை வரையுங்கள்' என்று ஓவியரிடம் நிற்பதில்லை. தாமஸ் லாரன்ஸ் 1825-இல் வரைந்த 'சிவப்புச் சிறுவன்' படத்தில் இருப்பவன் சார்லஸ் வில்லியம் லாம்ப்டன். அப்பா நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சொந்தக்காரர், அரசியல்வாதி. அந்த வீட்டு வாரிசு எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பையனா முடிவு செய்திருப்பான்?

2. முகத்துக்குப் போகும் முன் உடையையும் கைகளையும் பாருங்கள். லாம்ப்டன் பையன் சிவப்பு வெல்வெட் உடையில் பாறைமேல் சாய்ந்திருக்கிறான். பின்னால் நிலா வெளிச்சத்தில் கடல். தலையைக் கை தாங்குகிறது. அது முப்பது வயதுக் கவிஞனின் தோரணை, அவனுக்கோ ஏழு வயது. (வெல்வெட்டைப் போட்டுக்கொண்டு பாறையில் தேய்த்தால் எந்த அம்மா சும்மா விடுவாள்?)

3. பின்னால் நடந்ததைப் படத்துக்குள் திணிக்காதீர்கள். இந்தப் பையன் 1831-இல், பதிமூன்று வயதில் காசநோயால் இறந்தான். உடனே 'அந்தக் கண்களில் மரணத்தின் நிழல்' என்று எழுதக் கை பரபரக்கும். லாரன்ஸ் ஜோசியர் அல்ல.

4. ஆணுக்கு என்ன கொடுத்தார்கள், பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். இதற்கு ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலே அருங்காட்சியகத்தில் உள்ள 'ஹுல்சன்பெக் குழந்தைகள்' படத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பிலிப் ஓட்டோ ரூங்கே 1805-06-இல் வரைந்தது. பிள்ளைகளின் அப்பா ஹுல்சன்பெக், ஓவியரின் அண்ணன் டேனியலோடு கூட்டு வியாபாரம் செய்தவர். நடுவில் நிற்கும் ஆகஸ்ட் சாட்டையை ஓங்கியபடி நம்மையே பார்க்கிறான். அக்கா மரியா வண்டியில் இருக்கும் குட்டித் தம்பி பக்கம் திரும்பியிருக்கிறாள். அவனுக்கு அதிகாரம், அவளுக்குப் பராமரிப்பு. வயது ஐந்தைத் தாண்டுமுன்பே வேலை பிரித்தாயிற்று. வண்டியில் இருக்கும் அந்தக் குட்டி மட்டும் யாருக்கும் கட்டுப்படவில்லை. அவன் பிடித்திருப்பது சூரியகாந்திச் செடியை.

இனி, ஓவியரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். ரூங்கே குனிந்து, பிள்ளைகளின் மட்டத்துக்கு இறங்கிப் பார்க்கிறார். அதனால் வேலி சின்னதாகிவிடுகிறது, பிள்ளைகள் ராட்சதர்கள்போல் நிற்கிறார்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்தது குடும்பம் என்றால், இந்த உயரத்தைக் கொடுத்தது ஓவியர். இரண்டும் ஒரே படத்தில் இருப்பதால்தான் அதை விட்டு நகர முடிவதில்லை.

5. கள்ளமின்மையும் ஒரு சீருடைதான். குழந்தை வளர்ப்பைப் பற்றித் தத்துவவாதி ரூசோ எழுதிய 'எமில்' 1762-இல் வந்த பிறகு, குழந்தையைக் குட்டிப் பெரியவராக நடத்தும் வழக்கம் மெல்லத் தளர்ந்தது. நல்லதுதான். ஆனால் 'பெரியவரைப்போல் இரு' என்ற கட்டளை போய் 'கபடமில்லாமல் இரு' என்ற கட்டளை வந்தது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1819 வாக்கில் வரைந்த லூயிஸ் வெர்னே அதற்கும் பணியவில்லை. ஜெரிக்கோவின் நண்பரான ஓவியர் ஒராஸ் வெர்னேயின் மகள் இவள். தோளிலிருந்து சட்டை நழுவியிருக்கிறது, மடியில் அவளுக்குப் பொருந்தாத அளவில் ஒரு பெரிய பூனை. சிரிப்பே இல்லை. 'என்ன பார்க்கிறாய்?' என்று கேட்பதுபோல் ஒரு பார்வை. இதை 'இனிமை' என்று எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

6. செல்போன் திரையில் மட்டும் பார்த்து எழுதாதீர்கள். ஹாம்பர்க்குக்கும், லூயிஸ் வெர்னே படம் இருக்கும் லூவருக்கும் போக நம்மில் எத்தனை பேருக்கு வசதி? போக முடியாவிட்டால் படத்தின் அளவையாவது தேடி எடுங்கள். ரூங்கேயின் படம் ஏறக்குறைய 131 சென்டிமீட்டர் உயரம், 143 அகலம். சுவரில் சாக்பீஸால் அந்தக் கட்டத்தைப் போட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து, ஆகஸ்டின் சாட்டை எங்கே வரும் என்று குறித்துப் பாருங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.