பெருக்கல் குறியும் இருநூறு ரூபாயும்
(பைத்தான் – டிகின்டர்: ஜன்னல் நிகழ்வுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்)



ஆண்டு மலருக்குக் கவிதை கொடுக்க நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. நான் செய்த ஒரு தப்பும், அதைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்ட பாடமும்தான் என்னிடம் இருக்கின்றன. பரீட்சையில் இது இரண்டு மார்க் கேள்வியாக வரலாம். எங்கள் வீட்டில் இருநூறு ரூபாய்க் கேள்வியாக வந்தது.

எங்கள் அம்மா ஊரில் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். குழுவில் பதினான்கு பேர். ஞாயிறு சாயந்திரம் கூட்டம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் சேமிப்பு. உள்கடன் வாங்கியவர்கள் முடிந்ததைத் திருப்பிக் கட்டுவார்கள். அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர். கோணல் எழுத்தில் நோட்டுப் போட்டு வந்தார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில், "இனிமே நோட்டு வேண்டாம்மா, நான் புரோகிராம் எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

பைத்தானில் எழுதினேன். பெயரையும் தொகையையும் தட்டி 'சேர்' என்றால் திரையில் இருக்கும் பட்டியலில் சேரும். கடைசியில் 'சேமி' என்றால் கோப்பில் பதிவாகும். முதல் ஞாயிறு பதினான்கு பேருக்கும் நான்தான் தட்டினேன். எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முடிந்ததும் அம்மா, "மூடட்டுமா கண்ணு?" என்றார். "ம், மூடும்மா" என்றேன். அம்மா தன் வாழ்நாளில் முதல்முறையாக மவுஸைப் பிடித்து, மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். ஜன்னல் மூடியது. 'சேமி'யை நான் அழுத்தவே இல்லை.

பெட்டியில் பணம் 4,350 ரூபாய் இருந்தது. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது போய்விட்டது. அன்று ராத்திரியே நானும் அம்மாவும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். அவரவர் சொன்னதைக் கூட்டினால் 4,550 வந்தது. இருநூறு உதைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை, ஞாபகம்தான் பிசகியது. ஒரு பெரியம்மா மட்டும், "நோட்டு இருந்தவரைக்கும் இப்படி ஆனதில்லை" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் தன் கூலிப் பணத்திலிருந்து இருநூறை எடுத்துப் பெட்டியில் வைத்தார். அந்த இருநூறு யாருடைய கணக்கு என்று இன்றுவரை தெரியாது.

தப்பு அம்மாவுடையது இல்லை. மூடுவதற்கு நான் காட்டிய வழி அந்தப் பெருக்கல் குறிதான். அதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று என் புரோகிராமுக்கு நான் சொல்லித் தரவில்லை. சரி, இனி பாடத்துக்கு வருவோம்.

காத்திருக்கும் புரோகிராம்

முதலில் நாம் சி மொழியில் எழுதிய புரோகிராம்களை நினைத்துப் பாருங்கள். 'ஒரு எண்ணைக் கொடு' என்று அது கேட்கும், நாம் கொடுப்போம், அடுத்ததைக் கேட்கும். எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது புரோகிராம். ஜன்னல் புரோகிராமில் இது தலைகீழ். முடிவு செய்பவர் உபயோகிப்பவர். அவர் எதை முதலில் அழுத்துவார், எப்போது மூடுவார் என்று நமக்குத் தெரியாது.

எங்கள் குழுக் கூட்டத்தில் அம்மா உட்கார்ந்திருப்பது போலத்தான். யார் முதலில் வருவார் என்று தெரியாது. வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அம்மா ஒவ்வொருவராகக் கவனிப்பார். அப்படி வருகிற ஒவ்வொன்றும் ஒரு 'ஈவென்ட்', அதாவது நிகழ்வு. அதைக் கவனிக்க நாம் எழுதும் ஃபங்ஷன்தான் 'கால்பேக்'. வரிசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை 'மெயின்லூப்' உடையது. புரோகிராமின் கடைசி வரியாக ரூட்.மெயின்லூப்() என்று எழுதுகிறோமே, அதுதான்.

நடுவில் அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டால்? எல்லாரும் நிற்க வேண்டியதுதான். அதே மாதிரி, ஒரு கால்பேக்குக்குள் டைம்.ஸ்லீப்(10) என்று எழுதினால், பத்து விநாடிக்கு ஜன்னல் உறைந்துபோகும். எந்த பட்டனும் வேலை செய்யாது. காத்திருக்க வேண்டிய இடத்தில் ரூட்.ஆஃப்டர் என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கொஞ்சம் பூர்வீகம்

பைத்தானோடு கூடவே வரும் டிகின்டர், 'டீகே' என்ற கருவித்தொகுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டிக்கிள் என்ற ஸ்கிரிப்ட் மொழியையும் அதற்கான டீகேயையும் உருவாக்கியவர் ஜான் ஓஸ்டர்ஹவுட். அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1988ஆம் ஆண்டு டிக்கிளைத் தொடங்கினார். இதற்காக 1997ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் விருது அவருக்குக் கிடைத்தது. பைத்தானைப் படைத்த கைடோ வான் ராசமும் ஸ்டீன் லும்ஹோல்ட்டும் டீகேயைப் பைத்தானோடு இணைத்தார்கள். அந்த இணைப்புதான் டிகின்டர். நாம் லேபில் திறக்கும் 'ஐடில்' ஜன்னலும் இதில் எழுதப்பட்டதுதான்!

இரண்டு வழிகள்: கமாண்டும் பைண்டும்

பட்டன் அழுத்தப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை 'கமாண்ட்' மூலம் சொல்கிறோம். மற்ற நிகழ்வுகளை 'பைண்ட்' மூலம் கட்டுகிறோம். ரிட்டர்ன் என்றால் என்டர் விசை. ஃபோகஸ்அவுட் என்றால் ஒரு பெட்டியை விட்டு வெளியே போவது. கான்ஃபிகர் என்றால் ஜன்னலின் அளவோ இடமோ மாறுவது. அன்மேப் என்றால் ஜன்னல் திரையிலிருந்து மறைவது, உதாரணமாக மினிமைஸ் செய்யும்போது. மேப் என்றால் திரும்பத் தெரிவது.

இதில் நான் முட்டிக்கொண்ட இடங்கள் இரண்டு.

ஒன்று: ஃபங்ஷன் பெயரைக் கொடுக்கும்போது அடைப்புக்குறி போடக் கூடாது. கமாண்ட்=சேமி என்பது சரி. கமாண்ட்=சேமி() என்று எழுதினால், ஜன்னல் வருவதற்கு முன்பே சேமி ஓடி முடிந்துவிடும்; பிறகு பட்டனை எத்தனை முறை குத்தினாலும் அசையாது. 'கூப்பிட வேண்டிய ஆள் இவர்' என்று பெயர் சொல்வது வேறு, அவரை இப்போதே கூப்பிடுவது வேறு.

இரண்டு: கமாண்ட் கூப்பிடும்போது கையில் ஒன்றும் கொண்டு வராது. பைண்ட் கூப்பிடும்போது நிகழ்வின் விவரத்தை ஒரு பொருளாகக் கொண்டு வரும். ஒரே ஃபங்ஷனை இரண்டுக்கும் கட்டினால் பிழை வரும். டெஃப் சேர்(நிகழ்வு=நன்) என்று எழுதிவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும். (பைத்தான் மூன்றில் மாறி, ஃபங்ஷன் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், தெரியுமா? கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே அவற்றை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன்.)

பெருக்கல் குறி என்ன செய்கிறது?

இப்போது முக்கியமான இடம். பெருக்கல் குறி நம் ஜன்னலுக்குள் இருக்கும் பட்டன் இல்லை; ஜன்னலின் சட்டத்தில் இருப்பது. அந்தச் சட்டத்தைப் பராமரிப்பவர் விண்டோ மேனேஜர். குறியை அழுத்தியதும் அவர் நம் புரோகிராமுக்கு 'உன்னை மூடச் சொல்கிறார்கள்' என்று ஒரு சேதி அனுப்புகிறார். அந்தச் சேதியின் பெயர் 'டபிள்யூஎம்_டெலீட்_விண்டோ'. யூனிக்ஸ் உலகின் எக்ஸ் விண்டோ அமைப்பிலிருந்து வந்த பெயர் இது. விண்டோஸில் ஓடும்போதும் டீகே இதே பெயரைத்தான் வைத்திருக்கிறது. ஆல்ட்-எஃப்4 அழுத்தினாலும் இதே சேதிதான் வரும்.

சேதிக்கு நாம் பதில் ஏற்பாடு செய்யாவிட்டால், டீகே தானாகவே ஜன்னலை அழித்துவிடும். அன்றைக்கு நடந்தது இதுதான். நாம் ஏற்பாடு செய்துவிட்டால், மூடுவதா வேண்டாமா என்பது நம் கையில். இது பைண்ட் செய்யும் நிகழ்வு இல்லை. 'புரோட்டோகால்' என்ற தனிக் கட்டளை வேண்டும்:

ரூட்.புரோட்டோகால்("டபிள்யூஎம்_டெலீட்_விண்டோ", மூடு)

இதற்குப் பின் பெருக்கல் குறியை அழுத்தினால் மூடு என்ற நம் ஃபங்ஷன் ஓடும். அதற்குள் ரூட்.டெஸ்ட்ராய்() என்று நாம் சொன்னால்தான் ஜன்னல் மூடும். மறந்துவிட்டால் குறியை எத்தனை தடவை அழுத்தினாலும் ஜன்னல் அப்படியே நிற்கும். அதுவும் எனக்கு நடந்தது!

மூடு ஃபங்ஷன் இப்படி:

டெஃப் மூடு():
    விடை = மெசேஜ்பாக்ஸ்.ஆஸ்க்யெஸ்நோகேன்சல்("கணக்கு", "சேமித்துவிட்டு மூடட்டுமா?")
    இஃப் விடை இஸ் நன்:
        ரிட்டர்ன்
    இஃப் விடை:
        சேமி()
    ரூட்.டெஸ்ட்ராய்()

மெசேஜ்பாக்ஸைத் தனியாக இம்போர்ட் செய்ய மறக்காதீர்கள். அந்தப் பெட்டி மூன்று விதமாகப் பதில் தரும். யெஸ் என்றால் ட்ரூ. நோ என்றால் ஃபால்ஸ். கேன்சல் என்றால் நன். நான் முதலில் 'இஃப் நாட் விடை' என்று எழுதி, உள்ளே நேராக டெஸ்ட்ராய் போட்டிருந்தேன். பைத்தானுக்கு ஃபால்ஸும் இல்லை, நன்னும் இல்லைதான். 'ஐயோ, வேண்டாம்' என்று கேன்சல் அழுத்தியவருடைய கணக்கும் போயே போச்சு! அதனால்தான் முதலில் 'இஸ் நன்' என்று தனியாகக் கேட்கிறோம்.

வரிசையையும் கவனியுங்கள். முதலில் சேமி, பிறகுதான் டெஸ்ட்ராய். சேமிக்கும்போது ஏதாவது பிழை வந்தால் (பென்டிரைவைப் பிடுங்கியிருக்கலாம்) ஃபங்ஷன் அங்கேயே நின்றுவிடும். ஜன்னல் மூடாது, கணக்கும் திரையில் பத்திரமாக இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டும் போகும். 'வெளியேறு' என்று தனி பட்டன் வைத்தால் அதற்கும் கமாண்ட்=மூடு என்றே கொடுங்கள். அங்கே நேராக டெஸ்ட்ராய் கொடுத்தால் மூடு ஓடாது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

"டெஸ்ட்ராய் என்றே ஒரு நிகழ்வு இருக்கிறதே, அதை பைண்ட் செய்தால் போதாதா?" என்று ஒரு தோழி கேட்டாள். போதாது. அந்த நிகழ்வு வரும்போது ஜன்னல் அழிந்துகொண்டிருக்கிறது. வேண்டாம் என்று நிறுத்த முடியாது. இன்னொன்று, ரூட்டில் பைண்ட் செய்தது உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பெட்டி, லேபிள், பட்டன் என்று எத்தனை உண்டோ அத்தனை தடவையும் ஃபங்ஷன் ஓடும். கான்ஃபிகருக்கும் இதே கதை. நிகழ்வு.விட்ஜெட் ரூட்தானா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

கரண்டு போனால்?

எல்லாம் முடித்து எங்கள் லேப் சாரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கரண்டு போனா உன் பெருக்கல் குறிக்கு யாரும்மா சேதி அனுப்புவாங்க?" எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. என்னுடையது செகண்ட் ஹேண்ட் லேப்டாப். பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம். கரண்டு போனாலும், டாஸ்க் மேனேஜரில் கொன்றாலும் எந்தச் சேதியும் வராது.

அதனால் இரண்டு மாற்றம் செய்தேன். 'சேர்' அழுத்திய உடனேயே அந்த ஒரு வரி கோப்பில் எழுதப்படும். கடைசிவரை காத்திருப்பது கிடையாது. பாதி தட்டிய வரிக்காக ரூட்.ஆஃப்டர்(30000, தானாகச்சேமி) போட்டேன். 30000 என்பது மில்லி விநாடி, அதாவது முப்பது விநாடி. ஆஃப்டர் ஒரே ஒரு தடவைதான் கூப்பிடும். தொடர்ந்து நடக்க வேண்டுமானால் தானாகச்சேமியின் கடைசியில் மறுபடியும் ஆஃப்டர் எழுத வேண்டும். டைம்.ஸ்லீப் போல ஜன்னல் உறையாது.

ஆக, மூடு ஃபங்ஷன் இப்போது காப்பாற்றுவது பாதி தட்டிய அந்த ஒரு வரியைத்தான். பெட்டி காலியாக இருந்தால் கேள்வியே கேட்காமல் மூடிவிடும். தேவையில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் மக்கள் படிக்காமலேயே நோ அழுத்தப் பழகிவிடுவார்கள்.

முடிவாக

நண்பர்களே, புராஜெக்ட் வைவாவுக்குப் போகுமுன் உங்கள் புரோகிராமில் நான்கு காரியம் செய்து பாருங்கள். பாதி தட்டிவிட்டுப் பெருக்கல் குறியை அழுத்துங்கள். வரும் பெட்டியில் கேன்சல் அழுத்துங்கள். ஆல்ட்-எஃப்4 அழுத்துங்கள். கடைசியாக, கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரை உட்கார வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். நாலாவதுதான் கஷ்டமான பரீட்சை.

மூன்று வாரம் கழித்து மறுபடி கூட்டத்துக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனேன். அம்மாதான் மூடினார். பாதி வரி இருந்ததால் கேள்வி வந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார்: "சே-மித்-து-விட்டு மூ-டட்-டுமா". அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இத முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா இது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பெரியம்மா உட்பட.

நோட்டையும் அம்மா விடவில்லை. இப்போது இரண்டிலும் எழுதுகிறோம். கூட்டம் முடிந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்ப்பது என் வேலை.

— மூன்றாம் ஆண்டு மாணவி,
கணினிப் பொறியியல் பிரிவு