எந்த வேகத்தில் உதறுகிறது? – காரின் நடுக்கத்தில் ஓர் இயற்பியல் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் மையநோக்கு விசை பாடத்தை முடித்த நாளில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "வேகமாகப் போகும் காரின் ஸ்டியரிங் நடுங்குகிறது. காரணம் என்ன?"

முன்வரிசையில் உடனே கைகள் உயர்ந்தன. "டயர் தேஞ்சிருக்கும் சார்", "ரோடு சரியில்ல சார்", "பிரேக் கோளாறு சார்" என்று விடைகள் வந்தன. வழக்கமாக வாய் திறக்காத கடைசி வரிசை மாணவன் ஒருவன் மட்டும் விடை சொல்லாமல் என்னிடமே கேட்டான்: "எந்த வேகத்துல உதறுது சார்? எப்பவுமா, பிரேக் போட்டா மட்டுமா?"

அவனுடைய மாமா நாமக்கல்லில் டயர் கடையில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் அங்கே போய் வேடிக்கை பார்ப்பானாம். தம்மம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாமக்கல் லாரித் தொழில் புதிதல்ல. ஆனால், அந்த அறிவு வகுப்பறைக்குள் வருவதற்கு நாம் வழி விடுவதில்லை. அவன் கேட்ட கேள்வியையே அடுத்த இரண்டு பாடவேளைகளுக்குப் பாடமாக்கினேன். அதை இங்கே பகிர்கிறேன்.

ஏன் ஸ்போர்ட்ஸ் கார்?

ஸ்போர்ட்ஸ் காரின் டயர் அகலமானது, அதன் பக்கச் சுவரின் உயரம் குறைவு. சஸ்பென்ஷனும் விறைப்பாக இருக்கும். சாதாரண வண்டியில் ரப்பரும் ஸ்பிரிங்கும் விழுங்கிவிடும் சிறு அதிர்வுகூட அதில் நேராகக் கைக்கு வந்துவிடும். எனவே, காரணத்தையும் விளைவையும் தெளிவாகக் காட்ட அது நல்ல எடுத்துக்காட்டு.

கணக்கிட்டுப் பார்ப்போம்

சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. என்பது வினாடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 13 முறை சுற்றும். அதன் கோணத் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 83 ரேடியன்.

இப்போது சக்கரத்தின் உட்புறத்தில், மையத்திலிருந்து 0.2 மீட்டர் தொலைவில், 20 கிராம் சேறு ஒட்டிக் காய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறை × ஆரம் × கோணத் திசைவேகத்தின் இருமடி என்று கணக்கிட்டால் சுமார் 28 நியூட்டன் கிடைக்கும். சேற்றின் எடை 0.2 நியூட்டன்தான். அதைப்போல் ஏறத்தாழ 140 மடங்கு விசை சக்கரத்தை மேலும் கீழும் முன்னும் பின்னும் வினாடிக்கு 13 முறை இழுக்கிறது. வேகத்தை 45 கி.மீ. ஆகக் குறைத்தால் விசை பாதியாகாது, கால் பங்காகும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தெரியாத நடுக்கம் நெடுஞ்சாலையில் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

வேகம் கூடக்கூட நடுக்கமும் கூடிக்கொண்டே போக வேண்டுமே? பல கார்களில் 80 முதல் 110 கி.மீ. வரை உதறிவிட்டு, அதற்கு மேல் குறைவது ஏன்? இதற்கு விடை ஒத்ததிர்வு. சக்கரமும் அதைத் தாங்கும் பாகங்களும் சேர்ந்த அமைப்புக்கு ஓர் இயல் அதிர்வெண் உண்டு. சுழற்சியின் அதிர்வெண் அதோடு பொருந்தும்போது வீச்சு பெரிதாகிறது, தாண்டினால் குறைகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தான் உயரப் போகும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

செயல்பாடு 1: சைக்கிள் சக்கரம்

முன்சக்கரத்தை நன்கு தூக்கிப் பிடித்து, ரிம்மை ஒட்டி ஒரு கம்பியில் சிறு கல்லை இறுகக் கட்டிச் சுழற்றுங்கள். ஹேண்டில்பார் அதிரும். சுழற்சி நிற்கும்போது கல் பெரும்பாலும் கீழே வந்து நிற்கும். இப்போது நேர் எதிரே அதே எடையுள்ள இன்னொரு கல்லைக் கட்டுங்கள். அதிர்வு குறையும். வீல் பேலன்சிங் கடையில் ரிம்மில் சிறு உலோகத் துண்டுகளைப் பொருத்துவதும் இதற்காகத்தான். சுழலும் கம்பிகளுக்கு அருகே மாணவர்கள் விரலைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயல்பாடு 2: காகிதக் கப்

தேநீர் குடிக்கும் காகிதக் கப்பை மேசைமேல் படுக்கவைத்து உருட்டுங்கள். அது நேராகப் போகாது. சிறிய பக்கம் உள்ளே இருக்குமாறு வளைந்து போகும். ஒரு டயரின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றே சிறுத்திருந்தால் காரும் அப்படித்தான் ஒருபக்கம் இழுக்கும். முன் டயர்களை இடம் வலமாக மாற்றும்போது இழுக்கும் திசையும் மாறினால், கோளாறு டயரில் இருக்கிறது. திசை மாறாவிட்டால் அலைன்மென்ட்டையோ பிரேக்கையோ பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நடுக்கத்துக்கு:

• குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறதா? முதலில் பேலன்சிங்கைச் சோதிக்க வேண்டும்.
• குறைந்த வேகத்திலேயே ஆடுகிறதா? வளைந்த ரிம், புடைத்த டயர், தளர்ந்த நட்டு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். வண்டியை உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும்.
• பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருகிறதா? பிரேக் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லாமல் இருக்கலாம்.
• ஸ்டியரிங்கில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? ஸ்டியரிங் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கை என்றால் பின்சக்கரம்.

ஒருபக்கம் இழுப்பதற்கு:

• டயர்கள் குளிர்ந்திருக்கும்போது இருபக்கமும் காற்றழுத்தம் சமமா? காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும்.
• எல்லாச் சாலையிலும் இழுக்கிறதா? மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரம் நோக்கிச் சரிவாக அமைக்கிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடதுபக்கம் லேசாக ஒதுங்குவது கோளாறாகாது.
• பிரேக் பிடித்தால் மட்டும் வலப்பக்கம் இழுக்கிறதா? இடப்பக்க பிரேக் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். இழுக்கும் பக்கத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது முக்கியம். டயர், பேலன்சிங், அலைன்மென்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நடுக்கம் போகலாம், எதனால் போனது என்று தெரியாது. அறிவியலில் மாறி, கட்டுப்படுத்திய மாறி என்று நாம் கற்பிப்பது இதைத்தான்.

பந்தயத் தடத்தில் நடந்தது

நடுக்கத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு நிகழ்வு உண்டு. 2005ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியரான, கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டினார். முன்னிலையில் இருந்த கிமி ராய்க்கோனனின் சக்கரம் பிரேக் பிடித்தபோது சுழலாமல் தேய்ந்து, வலது முன் டயரில் ஓரிடம் தட்டையானது. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே பொதுவாக டயர் மாற்ற இயலாது. அவர் தொடர்ந்து ஓட்டினார். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் அத்தகைய தட்டை இடம் வினாடிக்குச் சுமார் 40 முறை தரையில் மோதும். கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் உடைந்து கார் தடத்தை விட்டு ஓடியது. பெர்னாண்டோ அலோன்சோ வென்றார். வீச்சு சிறிதானாலும் திரும்பத் திரும்ப வரும் விசை உலோகத்தைக் களைப்படையச் செய்து உடைத்துவிடும்.

மதிப்பீடு

1. வேகம் மும்மடங்கானால் சமநிலையின்மையால் வரும் விசை எத்தனை மடங்காகும்?
2. மழையில் வயலுக்குப் போய் வந்த கார் மறுநாள் நெடுஞ்சாலையில் உதறுகிறது. செலவில்லாமல் முதலில் எதைச் செய்து பார்ப்பீர்கள்?
3. டயர்களை இடம் மாற்றிய பின்னும் கார் இடப்பக்கமே இழுக்கிறது. எதை விலக்கிவிடலாம்?

நமக்கும் ஒரு பாடம்

402இலிருந்து 157ஐக் கழித்து 355 என்று எழுதும் குழந்தைக்கு "கழித்தல் வராது" என்று சொல்லிவிடுகிறோம். எப்போது தவறு வருகிறது என்று கேட்டால், ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறாள் என்பது தெரியும். 458இலிருந்து 123ஐக் கழிக்கச் சொன்னால் சரியாகச் செய்வாள். அவளுக்குத் தெரியாதது கடன் வாங்குவது மட்டுமே. மீண்டும் முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை.

இரண்டாம் பாடவேளையில் சைக்கிள் சக்கரத்தில் எதிர்க்கல் கட்டும் வேலையை அந்தக் கடைசி வரிசை மாணவனிடமே விட்டேன். கல்லை எங்கே கட்டுவது என்று முன்வரிசை மாணவர்கள் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.