பெட்டியைப் படித்தாள் முத்துலட்சுமி

மும்பை நகரில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. முத்துலட்சுமியின் குடும்பமும் அந்தப் பக்கத்துக் குடும்பம்தான்.

தாராவியில் கும்பார்வாடா என்ற இடத்தில் குயவர்கள் வசிக்கிறார்கள். இவர்கள் குஜராத்திலிருந்து வந்தவர்கள். தீபாவளிக்கு அங்கே ஏராளமான அகல் விளக்குகள் செய்கிறார்கள். முத்துலட்சுமி அந்த விளக்குகளை வாங்குவாள். வண்ணம் தீட்டுவாள். ஆறு விளக்குகளை ஓர் அட்டைத் தட்டில் அடுக்குவாள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவாள். அதன் மேல் சூடான காற்றை ஊதுவாள். தாள் சுருங்கும். விளக்குகளை இறுக்கிப் பிடித்துக் கொள்ளும்.

சூடான காற்றை ஊதும் கருவிக்கு ஹீட் கன் என்று பெயர். பார்ப்பதற்குத் துப்பாக்கி போல இருக்கும்.

சென்ற தீபாவளிக்கு முன் அவள் ஒரு ஹீட் கன் வாங்கினாள். நடைபாதைக் கடை. விலை 700 ரூபாய். ரசீது இல்லை. எட்டாம் நாள் இரவு அது நின்றுவிட்டது. அதோடு போகவில்லை. சுவரில் இருந்த பிளக் உருகிக் கருகியது. புகை வந்தது. மேலே பரணில் அவள் மகள் தூங்கிக் கொண்டிருந்தாள். முத்துலட்சுமி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 40 பெட்டிகள் அப்படியே நின்று போயின. கேட்டிருந்தவர் வேறு இடத்தில் வாங்கிக் கொண்டார்.

அதன் பிறகு முத்துலட்சுமி மாலை வகுப்பில் சேர்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள். எண்களும் கற்றாள். இந்த வருடம் தீபாவளி நெருங்கியது. கையில் 2500 ரூபாய் சேர்ந்திருந்தது. மறுபடியும் ஒரு ஹீட் கன் வாங்க வேண்டும். ஆனால் அவளுக்குப் பயமாக இருந்தது.

அண்ணாச்சி சொன்ன கணக்கு

அடுத்த சந்தில் ஓர் அண்ணாச்சி மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கிறார். முத்துலட்சுமி அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, எந்த ஹீட் கன் நல்லது? நீங்க சொன்னா அதையே வாங்கிக்கிறேன்."

"வாம்மா தங்கச்சி. எது நல்லதுன்னு கேட்கிறதுக்கு முன்னாலே, எந்த வேலைக்குன்னு கேட்கணும். ஒயர் மேலே சின்ன ஸ்லீவ் சுருக்கணுமா? 300 வாட் கருவி போதும். கையடக்கமா இருக்கும். பெரிய பெட்டி சுற்றணுமா? அதுக்குக் கூடுதல் காற்று வேணும். 1500 முதல் 2000 வாட் வரை தேவைப்படும்."

"என் பெட்டி ஒரு சாண் அகலம். ஒரு நாளைக்கு 50 பெட்டி போடுவேன்."

"அப்படின்னா பெரியதுதான் சரி. சின்னதாலே முடியும், ஆனா ரொம்ப நேரம் ஆகும்."

அண்ணாச்சி பழைய ஹீட் கன் ஒன்றைத் திறந்து காட்டினார். பின்பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார். அதில் ஒரு விசிறி. முன்பக்கத்தில் சுருள் சுருளாகக் கம்பி. விசிறி வெளிக் காற்றை இழுக்கிறது. கம்பிச் சுருள் அந்தக் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று முன் குழாய் வழியாக வெளியே வருகிறது.

"பார்த்தியா? காற்றுதான் கம்பியையும் காப்பாற்றுது. பின்னாலே இருக்கிற காற்றுத் துளையைக் கையாலே மூடினா, கம்பி அளவுக்கு மேலே சூடாகும். எரிஞ்சு போகும்."

"போன வருஷம் கருவி எரிஞ்சது சரி. சுவர் பிளக் ஏன் உருகிச்சு அண்ணாச்சி?"

"அதுதான் முக்கியமான கேள்வி. பேப்பர் எடு. கணக்குப் போடு."

முத்துலட்சுமி எழுதினாள்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட் அளவை 230ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று தெரியும்.

1800 வாட் ஹீட் கன்: 1800 ÷ 230 = ஏறக்குறைய 8 ஆம்பியர்.

"உன் வீட்டுச் சுவரிலே இருக்கிறது சின்ன பிளக். விளக்குக்கும் விசிறிக்கும் போட்டது. அது 6 ஆம்பியர் தாங்கும். நீ 8 ஆம்பியர் இழுத்தே. பிளக்கும் ஒயரும் சூடாச்சு. நாளாக ஆக உருகிப் போச்சு."

"அப்போ என்ன செய்யணும்?"

"ஹீட் கன்னுக்குப் பெரிய பவர் பிளக் வேணும். அது 16 ஆம்பியர் தாங்கும். அதுக்குத் தடித்த ஒயர் போடணும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேன்தான் போடணும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரிலே இதைச் சொருகவே கூடாது."

முத்துலட்சுமி யோசித்தாள். கருவியை மட்டும் மாற்றினால் போதாது. பிளக்கையும் மாற்ற வேண்டும். நடைபாதைக் கருவியை மட்டும் அவள் குறை சொல்லிக் கொண்டிருந்தாள். பாதிக் குறை தன் வீட்டுச் சுவரில் இருந்தது.

முதலில் ஒயர்மேனை அழைத்துப் பவர் பிளக் போட்டாள். அந்தச் செலவை அவள் கணவர் கொடுத்தார். பிறகுதான் கடைக்குப் புறப்பட்டாள்.

கடையில்

மும்பையில் நாக்தேவி தெரு என்று ஒரு தெரு உண்டு. கருவிகளும் இரும்புச் சாமான்களும் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. முத்துலட்சுமி சயான் நிலையத்தில் ரயில் ஏறினாள். மஸ்ஜித் நிலையத்தில் இறங்கினாள். அண்ணாச்சியும் உடன் வந்தார்.

கடைக்காரர் மூன்று ஹீட் கன்களை எடுத்து வைத்தார்.

முதல் கருவியின் விலை 900 ரூபாய். பெட்டியில் 2000 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. முத்துலட்சுமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செய்தவர் பெயர் இல்லை. முகவரி இல்லை. அதிகபட்ச சில்லறை விலை இல்லை. புகார் சொல்ல எண்ணும் இல்லை. மின் கம்பி மெல்லியதாக இருந்தது.

"இதற்கு ரசீது உண்டா?" என்று கேட்டாள்.

"இந்த விலைக்கு ரசீது கிடையாது" என்றார் கடைக்காரர்.

அவள் அதை ஓரமாக வைத்தாள்.

மூன்றாம் கருவியின் விலை 4200 ரூபாய். சூட்டின் அளவு சின்னத் திரையில் எண்ணாகத் தெரிந்தது. அழகாக இருந்தது. ஆனால் அவள் வேலைக்கு அது தேவையில்லை. பணமும் போதாது.

இரண்டாம் கருவியை எடுத்தாள். பெட்டியில் 1800 என்ற எண் இருந்தது. பக்கத்தில் டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து. அது வாட் அளவு என்று அவளுக்குத் தெரியும். செய்தவர் பெயர், முகவரி, செய்த மாதம், வருடம் எல்லாம் இருந்தன. அதிகபட்ச சில்லறை விலை 2350 ரூபாய். உள்ளே ஓர் ஆண்டு உத்தரவாத அட்டை இருந்தது.

சுவிட்சில் இரண்டு நிலைகள். ஒன்றில் 350 டிகிரி செல்சியஸ். மற்றொன்றில் 550 டிகிரி.

"உனக்குக் குறைந்த நிலையே போதும்" என்றார் அண்ணாச்சி. "அதிலேயும் ஒரு சாண் தள்ளிப் பிடிக்கணும். அதிகச் சூடு பட்டா தாளிலே ஓட்டை விழும்."

கருவியின் உடம்பில் ஒரு சின்னப் படம் இருந்தது. சதுரத்துக்குள் சதுரம். "இது என்ன அண்ணாச்சி?"

"இரட்டைக் காப்பு உள்ள கருவின்னு அர்த்தம். உள்ளே ஒரு காப்பு கெட்டாலும் மற்றொன்று ஷாக் அடிக்காமல் காக்கும். இந்தப் படம் இல்லாத கருவிக்கு மூன்று கால் பிளக் இருக்கணும். வீட்டிலே எர்த் கம்பியும் சரியா இருக்கணும்."

கடையிலேயே கருவியை ஓட்டிப் பார்த்தார்கள். முதல் நிமிடம் லேசாகப் புகை வந்தது. முத்துலட்சுமி திடுக்கிட்டாள். "புதுக் கம்பிச் சுருள் முதல்லே இப்படித்தான். கொஞ்ச நேரத்திலே நிற்கும்" என்றார் அண்ணாச்சி. அப்படியே நின்றது. தீப்பொறி வரவில்லை. தடதட என்ற சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பார்த்தாள். கை வலிக்கவில்லை.

"கம்பிச் சுருள் போனால் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"கிடைக்கும். சர்வீஸ் நிலைய முகவரி அட்டையிலே இருக்கு" என்றார் கடைக்காரர். அவள் அட்டையைப் பார்த்தாள். முகவரி மும்பையிலேயே இருந்தது.

பேரம் பேசி 1950 ரூபாய்க்கு வாங்கினாள். ரசீது கேட்டாள். கருவியின் மேல் ஒரு வரிசை எண் இருந்தது. அதே எண் ரசீதில் இருக்கிறதா என்று ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்த்தாள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் போடச் சொன்னாள்.

கடைக்காரர் சிரித்தார். "எல்லாவற்றையும் படித்துத்தான் வாங்குவீர்களா அம்மா?"

"போன வருஷம் படிக்கத் தெரியாது" என்றாள் முத்துலட்சுமி.

வீட்டில்

அன்று இரவே வேலை தொடங்கியது. புதிய பவர் பிளக்கில் கருவியைச் சொருகினாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். பிளாஸ்டிக் தாள் கருகினால் தொண்டையையும் கண்ணையும் எரிக்கும் புகை வரும். அது உடம்புக்குக் கெடுதல்.

குழாயை ஒரே இடத்தில் பிடிக்கவில்லை. முன்னும் பின்னும் அசைத்தாள். தாள் மெல்லச் சுருங்கியது. ஆறு விளக்குகளும் தட்டில் அசையாமல் நின்றன.

அரை மணிக்கு ஒரு முறை பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஏறவில்லை.

வேலை முடிந்ததும் கருவியை நிமிர்த்தி வைத்தாள். குழாய் நன்றாக ஆறும் வரை பெட்டிக்குள் வைக்கவில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் அந்தக் குழாய் வெகு நேரம் சுடும். மகள் அதைத் தொடாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நோட்டை எடுத்தாள். வாங்கிய தேதி, விலை, வரிசை எண் மூன்றையும் தன் கையாலேயே எழுதினாள். ரசீதை அந்தப் பக்கத்தில் ஒட்டினாள். பரணில் மகள் நிம்மதியாகத் தூங்கினாள்.

நினைவில் வையுங்கள்

1. எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேலைக்கு ஏற்ற வாட் அளவு போதும்.

2. 6 ஆம்பியர் பிளக் 1380 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேற்பட்ட கருவிக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

3. செய்தவர் முகவரி, விலை, செய்த மாதம், புகார் எண் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாத பொருளை வாங்காதீர்கள்.

4. ரசீது கேட்டு வாங்குங்கள். பொருள் கெட்டு, கடைக்காரரும் கவனிக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை.

5. ஹீட் கன்னால் தலைமுடியை உலர்த்தக் கூடாது. தின்னர், பெட்ரோல் பக்கத்தில் ஓட்டக் கூடாது.

6. பழைய பெயிண்டை இதனால் சூடாக்கி எடுக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

விடை கூறுங்கள்

1. முத்துலட்சுமி வீட்டுச் சுவர் பிளக் ஏன் உருகியது?

2. முதல் கருவியை அவள் ஏன் வேண்டாம் என்றாள்?

3. ஒரு ஹீட் கன் 2000 வாட். அதற்கு எத்தனை ஆம்பியர் தேவை? கணக்குப் போடுங்கள்.

4. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட் மின்சாரம் செலவாகும். 1800 வாட் கருவி 2 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட்?

5. உங்கள் வீட்டில் உள்ள மிக்ஸி அல்லது இஸ்திரிப் பெட்டியை எடுங்கள். அதில் எத்தனை வாட் என்று படித்து எழுதுங்கள். அதை எந்தப் பிளக்கில் சொருகுகிறீர்கள்?