டிஸ்க் வளர்ந்தது, இடம் வளரவில்லை!

கேள்வி: விஎம்வேரில் ஓடும் எங்கள் பேக்கப் சர்வரின் டிஸ்க்கை 500 ஜிபியிலிருந்து 1 டிபி ஆக்கினேன். உள்ளே லினக்ஸில் இன்னும் 500 ஜிபிதான் காட்டுகிறது. ஏன்?

பதில்: மனையை அகலப்படுத்திவிட்டீர்கள்; வேலி, அதாவது பார்ட்டிஷனும் ஃபைல் சிஸ்டமும், பழைய இடத்திலேயே நிற்கிறது. முதலில் பேக்கப் வேலைகளை நிறுத்துங்கள். உங்கள் பேக்கப் சர்வர் ஓர் அப்ளையன்ஸாக இருந்து, அதன் மெனுவிலேயே டிஸ்க்கை நீட்டும் வசதி இருந்தால் அதுவே பாதுகாப்பானது. இல்லையென்றால் வரிசை முக்கியம்: பார்ட்டிஷனை நீட்டுங்கள், எல்விஎம் இருந்தால் பிவிரீசைஸ், பிறகு எல்விஎக்ஸ்டெண்ட், கடைசியில்தான் ஃபைல் சிஸ்டம். எக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் அதற்குரிய குரோஎஃப்எஸ் கட்டளை. ஒவ்வொரு படிக்குப் பிறகும் அளவைச் சரிபாருங்கள்: பார்ட்டிஷனுக்கும் எல்விக்கும் எல்எஸ்பிஎல்கே, பிவிக்கு பிவிஎஸ், ஃபைல் சிஸ்டத்துக்கு டிஎஃப்.

முன்னெச்சரிக்கையாக ஸ்னாப்ஷாட் எடுத்தால், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அது இருக்கும்வரை விஎம்வேர் அந்த டிஸ்க்கை மறுபடி பெரிதாக்க விடாது.